வீட்டுக்காரரிடம் எதில் பேசுவது: புக்கிங் ஆப்பா, லைனா, போனா?

போன வருடம் ஜப்பானில் 11 இரவுகள் தங்கினோம். மூன்று ஊர், மூன்று வீடு. மூன்றிலும் வரவேற்க ஆள் கிடையாது. கதவோரம் எண் பூட்டுப் பெட்டி, அதற்குள் சாவி. ஒசாகா வீட்டுக்காரர் புக்கிங் ஆப்பிலேயே பேசினார். டோக்கியோக்காரர் "லைனுக்கு வந்துவிடுங்களேன்" என்றார், அதாவது 'லைன்' என்ற அரட்டை ஆப்புக்கு. கியோட்டோவில் ஒரு போன் நம்பர் மட்டும். ஆக, திட்டமிடாமலே மூன்றையும் சோதித்தாகிவிட்டது. என் ஓட்டு ஆப்புக்குத்தான். (சொல் சரியாக விழவில்லை, தெரிகிறது. 'செயலி' என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.)

போனை முதலில் முடித்துவிடலாம். பயணிகளுக்கு விற்கும் ஜப்பான் இ-சிம்களில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், உள்ளூர் நம்பர் வராது. நம்மூர் சிம்மில் ரோமிங்கில் கூப்பிட்டால் காசு கரையும். எடுப்பவருக்கு ஜப்பானிய மொழி மட்டுமே தெரிந்தால் இரண்டு பக்கமும் "ஹலோ, ஹலோ"தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கியோட்டோவில் சாவி பூட்டுக்குள் சிக்கியபோது போன்தான் காப்பாற்றியது. வீட்டுக்காரர் உடன் தங்காத விடுதிகளுக்கு, சுமார் 10 நிமிடத்தில் வந்து சேரும் தூரத்தில் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பது அந்த நகரத்து விதி. வந்தார், எண்ணெய் விட்டார், போய்விட்டார். ஒரே ஒரு அனுபவம் என்பதால் இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன்.

லைன் சுகமானது. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே ஆண்டு ஜூனில் வந்த இந்த ஆப்தான் ஜப்பானியர்களின் வாட்ஸ்அப். இரண்டு நிமிடத்தில் பதில், கூடவே ஒரு கரடி ஸ்டிக்கர். கணக்குத் தொடங்க ஓடிபி வேண்டும், எனவே ஊரிலேயே போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. எனக்குப் பிடிக்காதது பாஸ்போர்ட் விஷயம். 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த வீட்டு விடுதிச் சட்டப்படி வெளிநாட்டு விருந்தினரின் நாடு, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றை வீட்டுக்காரர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும். கேட்பதில் தப்பில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவரின் சொந்த போனுக்குள் என் பாஸ்போர்ட் படம் போய் உட்கார்வது கொஞ்சம் உறுத்தியது.

இனி ஆப். மொழிபெயர்ப்பு, படம் போடும் வசதி எல்லாம் இருக்கிறது, அதை நீட்டவில்லை. சரியாக மொழிபெயர்த்தாலும் புரியாத இடம் வரும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒசாகாக்காரர் "இரண்டாம் தளம்" என்று எழுதியிருந்தார். பெட்டிகளோடு இரண்டு மாடி ஏறிவிட்டோம். ஜப்பானில் தரைத்தளமே முதல் தளம்! கதவின் படத்தைக் கேட்டு வாங்கிய பிறகுதான் விளங்கியது.

நான் ஆப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அதுவல்ல, பேசியதெல்லாம் அங்கே பதிவாக நிற்பது. சரியான கதவைக் கண்டுபிடித்தபோது இரவு 10:40. கொடுத்த நான்கு இலக்க எண்ணுக்குப் பெட்டி திறக்கவில்லை. ஆப்பில் எழுதினேன், பெட்டியின் படத்தையும் போட்டேன். பதில் இல்லை. 11:15க்கு மறுபடி எழுதினேன். அப்புறம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் அறை எடுத்துத் தூங்கினோம். சுத்தம் செய்ய வந்தவர் எண்ணை மாற்றிவிட்டார் என்று காலை 7 மணிக்குப் பதில் வந்தது. ஆப்பின் உதவி மையத்தில் புகார் செய்தபோது நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேரம், படம், பதில் வராத இடைவெளி எல்லாம் அவர்கள் கண்முன்னே இருந்தன. ஓர் இரவுக் கட்டணம் திரும்பி வந்தது.

டோக்கியோவில் நடந்தது இதற்கு நேர் எதிர். கிளம்பும் நாள் ஒரு மணி நேரம் தாமதமாகப் போகலாமா என்று லைனில் கேட்டேன். "பரவாயில்லை" என்றார், கரடியும் தலையாட்டியது. ஊர் திரும்பியதும் தாமதக் கட்டணமாக 5,000 யென் கேட்டு ஆப்பில் கோரிக்கை. லைன் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். தங்கள் தளத்துக்கு வெளியே பேசியதைக் கணக்கில் எடுக்க முடியாது என்று பதில் வந்தது. கட்டினேன். வேறு தளமாக இருந்தால் ஏற்றிருக்கலாம், எனக்கு வாய்த்தது இது.

ஆப்பிலும் குறை உண்டு. இணையம் இல்லாவிட்டால் அது வெறும் சதுரப் படம்தான். அதனால் விமான நிலைய வைஃபையிலேயே முகவரி, எண், கதவுப் படம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுகிறேன். ஆப்புக்குள் வருவதெல்லாம் நம்பகமானதும் அல்ல. விடுதிகளின் கணக்கையே கைப்பற்றி, உள்ளிருந்தே கார்டு விவரம் கேட்கும் மோசடியும் நடக்கிறது.

லைனை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. அவசரத்துக்கு அதன் வேகம் வேண்டியிருக்கிறது. அங்கே பேசி முடித்த கையோடு ஆப்பில் ஒரு வரி போட்டுவிடுவேன்: "நீங்கள் ஒப்புக்கொண்டபடி 11 மணிக்குக் கிளம்புகிறோம், கூடுதல் கட்டணம் இல்லை." அதற்கு அவர் அங்கேயே "சரி" என்று எழுதும் வரை பெட்டியைக் கட்டுவதில்லை.