ராத்திரி இரண்டு மணிக்குக் கூவும் பெட்டி: படகுக் கேபினில் ஈரம் உறிஞ்சும் மெஷின், மூன்று வருடம் கழித்து

“அண்ணே, அந்த ஈரம் உறிஞ்சுற மெஷின் விலை இறங்கியிருக்கே, கேபினுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டுரவா?” என்று பாம்பன் தம்பி ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளான காயிலில் விழுந்த ஓட்டையை அடைத்து, கேஸ் ஏற்றி, மெஷின் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. அதனால் இங்கே காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

மெஷின் எல்லாருக்கும் தெரிந்த வகைதான். கம்ப்ரசர் வைத்த சின்ன டிஹியூமிடிஃபையர், இரண்டு லிட்டர் டேங்க், 200 வாட் சுமார், ‘நாளுக்கு 12 லிட்டர்’ என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்த 12 லிட்டர், 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் அறையில் எடுத்த கணக்கு. குளிர் நாட்டில் அதில் பாதிகூடத் தேறாது. நம் கரையில் சாயங்காலக் கேபின் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கும் என்பதால், முதல் மணி நேரத்தில் அரை லிட்டர் விழுந்துவிடும். ஈரப்பதம் 60-க்கு இறங்க இறங்க வரத்தும் குறையும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அந்த மிதவையில். டேங்குக்குள் ஒரு மிதவை, அதன் நுனியில் சின்னக் காந்தம். தண்ணீர் ஏறினால் காந்தமும் ஏறும், உள்ளே இருக்கும் சுவிட்ச் விழும், மெஷின் நின்றுபோய்க் கூவும். வீட்டுத் தரையில் நல்ல ஏற்பாடு. கடலிலேயே ராத்தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலில், வாடை எழும்பிப் படகு இரண்டு பக்கமும் உருளும்போது, அரை டேங்க் தண்ணீர்கூடச் சுவரில் மோதி மிதவையைத் தூக்கிவிடும். கம்ப்ரசர் நின்றால் மறுபடி பிடிக்க மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் இன்னொரு உருளல், இன்னொரு கூவல். நாலு மணிக்கு வலை இழுக்க எழுந்திருக்க வேண்டியவனை இரண்டு மணிக்கு எழுப்பி ‘டேங்க் நிரம்பிவிட்டது’ என்று பொய் சொல்லும் சாமான் இது.

முழுக்கத் தீராது, தணிக்கலாம். டேங்கின் நீளப் பக்கம் படகின் முன்பக்கமான அணியத்துக்கும் பின்பக்கத்துக்கும் நேராக இருக்கும்படி மெஷினைத் திருப்பி வையுங்கள். படகு பெரும்பாலும் பக்கவாட்டில்தான் உருளும்; அந்தத் திசையில் தண்ணீர் ஓட இடம் குறைந்தால் மோதலும் குறையும். பாத்திரம் தேய்க்கும் முரட்டுப் பச்சை நாரை நாலு துண்டாக்கி, மிதவையில் படாமல் டேங்குக்குள் நிறுத்திவைத்தால் அலை அடங்கும். வாரம் ஒருமுறை அதைக் கழுவாவிட்டால் வழுவழுப்புப் பிடித்து நாறும்.

இதைவிட நல்லது மெஷினின் பின்பக்கத்து வடிகால் ஓட்டையில் ட்யூப் மாட்டுவது. உள்விட்டம் 12 மில்லிமீட்டர், மெஷினை விடத் தாழ்ந்த இடத்தில் பத்து லிட்டர் கேன். ட்யூப் வழியில் எங்கும் தொய்யக் கூடாது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கிக் காற்றை அடைத்துக்கொள்ளும், பிறகு சொட்டெல்லாம் டேங்குக்கே திரும்பும். ட்யூபின் நுனி கேன் தண்ணீரில் முங்கவும் கூடாது. மிதவையையே டேப் போட்டுக் கட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கட்டினால், ட்யூப் அடைபடும் அன்றைக்கு டேங்க் பொங்கிப் பிளைவுட்டில் இறங்கும். பக்கத்தில் இன்வெர்ட்டர் இருந்தால் அதோடு கதை முடிந்தது.

ஆனால் அந்தக் கேனில் சேரும் தண்ணீர் இருக்கிறதே, அதற்காகவே பல நாள் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. உப்பு இல்லை என்றே சொல்லலாம். குடிக்க ஆகாது, பேட்டரிக்கும் ஊற்றக் கூடாது. காயிலின் உலோகமும் தூசியும் அதில் கலந்திருக்கும். துடைக்க அதைப்போல் வராது. குடம் குடமாகக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் மாவட்டத்தில், கேபின் சுவரைத் துடைக்க யார் நல்ல தண்ணீர் எடுப்பார்கள்? ஈரத்தின் வேரே அந்த உப்பில்தான் இருக்கிறது. சாதாரண உப்பே ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றில் இருந்து நீரை இழுத்துத் தானே கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால் அதற்கு வெகு கீழேயே இழுக்க ஆரம்பிக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவரைக் கேளுங்கள், உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீர் ஏன் காயவே மாட்டேன் என்கிறது என்று சொல்வார். கடல் தெறித்த மெத்தையும் அதே கதைதான்: வெயிலில் காய்ந்த மாதிரி இருக்கும், பொழுது சாய்ந்ததும் நசநசக்கும். மெஷின் தந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, சுவர், கண்ணாடி, மெத்தை உறை என்று வாரம் இரண்டு தடவை துடைத்தால் மெஷின் ஓட வேண்டிய நேரமே குறைந்துவிடுகிறது.

ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி அதையும் உப்பை வைத்தே சோதித்துக்கொள்ளலாம். பாட்டில் மூடியில் உப்பைச் சேறாகக் குழைத்து, மீட்டரோடு இறுக்கமான டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

இனி கரண்ட். 200 வாட்டை எட்டு மணி நேரம் ஓட்டினால், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 12 வோல்ட் பேட்டரியில் 150 ஆம்பியர்-மணி போய்விடும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால், 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு இருந்தால்தான் ஒரு ராத்திரி தாங்கும். கம்ப்ரசர் கிளம்பும்போது மூன்று நாலு மடங்கு இழுக்கும்; ஒரு கேவிஏ சைன்வேவ் இன்வெர்ட்டர் வேண்டும். மலிவான ஸ்கொயர்வேவில் மோட்டார் முனகிச் சூடாகும். ஆகவே ராத்திரி முழுக்க ஓட்டும் ஆசையை விட்டுவிட்டு, சாயங்காலம் இன்ஜின் ஓடும்போது இரண்டு மணி நேரம், காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது கதவைச் சாத்தியே ஆக வேண்டும். திறந்துபோட்டு ஓட்டுவது வடகடலையே இறைக்கப் பார்க்கிற வேலை. சாத்தினால் வேகும். 200 வாட் சூடு போதாதென்று, காற்றில் இருந்த நீராவி தண்ணீராக மாறும்போது விடும் சூடும் கேபினுக்குள்ளேதான் வரும். மணிக்கு அரை லிட்டர் என்றால் அது தனியாக 300 வாட்டுக்கு மேல். ஆள் உள்ளே இருக்கும்போது ஓட்டாதீர்கள்.

காயில் ஓட்டைக்குக் காரணம் கடல்காற்று. செம்புக் குழாயில் அலுமினியத் தகடு. உப்பு ஈரம் நடுவில் நின்றால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும்; நாளாவட்டத்தில் குழாயும் அரித்துக் கேஸ் கசியும். ஃபில்டரை வாரா வாரம் நல்ல தண்ணீரில் அலசி, மாதம் ஒருமுறை பின்தகட்டைக் கழற்றிக் காயில் மேல் அதே கேன் தண்ணீரைத் தெளித்து, மின்விசிறியை மட்டும் ஓடவிட்டுக் காயவைத்தால் ஆயுள் நீளும். கேஸ் ஏற்றுமுன் பின்பக்கத் தகட்டில் எந்த கேஸ் என்று படியுங்கள். ஆர்290 என்றிருந்தால் அது புரொப்பேன், தீப்பிடிக்கும்; படகுக்குள் வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள்.

கம்ப்ரசர் இல்லாத பெல்டியர் வகை மெஷின் நாளுக்கு ஒரு டம்ளர்தான் தரும், விட்டுவிடுங்கள். கால்சியம் குளோரைடு டப்பா அலமாரிக்குள் சரி. படகு உருளும்போது கவிழ்ந்தால் அந்தக் குழம்பு பட்ட இடம் அடுத்த மீன்பிடித் தடைக்காலம் வரை காயாது, ஒயரையும் அரிக்கும்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். மெஷின் வாங்குமுன் கேபினில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதத்தில் மேகமில்லாத, காற்றடங்கிய ராத்திரியில் தகரக் கூரையும் ஃபைபர் கூரையும் வானத்துக்குச் சூட்டைவிட்டு, காற்றை விட மூன்று நாலு டிகிரி குளிர்ந்துவிடும். காற்று 26 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால் 23 டிகிரிக்குச் சற்று மேலேயே நீர் படியத் தொடங்கும். உள்ளே நாலு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சும் வேர்வையுமாக ஒரு லிட்டருக்கு மேல் வரும். கேஸ் அடுப்பில் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர். எல்லாம் கூரையில் முத்து முத்தாகக் கோத்து, திருகாணி இருக்கும் இடமாகப் பார்த்து முகத்தில் சொட்டும். ஜன்னலைத் திறந்தாலும் நிற்காது, வெளிக்காற்றே அந்த ஈரத்தோடுதான் வருகிறது.

இதற்கு மருந்து கூரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கட்டிய தார்ப்பாய். பனி அதன் மேல் இறங்கட்டும். பனையோலைப் பாயும் போதும், காற்றுக்குப் பறக்காமல் கட்டத் தெரிந்தால். உள்ளே, ஏசி குழாய்க்குச் சுற்றும் 19 மில்லி நைட்ரைல் ரப்பர் ஷீட்டை மேற்கூரையில் இடைவெளி இல்லாமல் ஒட்டி, இணைப்பில் டேப் போடுங்கள். விரல் நுழையும் சந்து விட்டால் ஈரம் பின்னால் போய் அங்கே வேர்க்கும், கண்ணுக்குத் தெரியாது. தெர்மாகோல் வேண்டாம், ரப்பர் பசை பட்டால் கரைந்து குழியாகும். ஐஸ் ரூமை ஒட்டிய சுவர் கூரையை விடவும் மோசம், கோடையிலும் வேர்க்கும். அதற்குக் குறைந்தது 50 மில்லி பஃப் பலகை (பாலியூரித்தேன் நுரைப் பலகை). மெத்தையைப் பிளைவுட் மேல் போடாமல் கயிறு பின்னிய சட்டத்தில் போட்டால் அடியில் காற்று ஓடும்.

இவ்வளவும் செய்தபின் மெஷினுக்கு மழைக்காலம் போக வேலை குறைவு. ஆகவே தம்பி, விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதே. இங்கே இருப்பதை இரண்டாம் விலைக்குத் தருவீர்களா என்று அவர் அடுத்துக் கேட்டார். தர மாட்டேன்.