படகில் எரிபொருள் ஓட்டமானி: கொக்கிளாய்க் களப்பில் பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

கொக்கிளாய், நாயாறு ஆகிய களப்புகளிலும், கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் அளம்பில், செம்மலைக் கரையோரத்திலும் உல்லாசமாக ஓடுவதற்கென்று நான் வைத்திருக்கும் பைபர் படகில், 40 குதிரைவலு கொண்ட பெற்றோல் இயந்திரத்துக்கு, எவ்வளவு எரிகிறது என்று காட்டும் ஓர் எரிபொருள் ஓட்டமானியைப் பொருத்தினேன். கருவியைப் பற்றி எனக்குக் குறையில்லை. அதைப் பொருத்தித் தந்த பட்டறையின் வேலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வன்னிக் கரையில் இதை வாங்க எண்ணுபவர்கள் கருவியின் பெயரைவிட அது பொருத்தப்படும் முறையைப் பற்றியே கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

2022ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதையும், அதன்பின் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டுபவர் தன் படகு எவ்வளவு குடிக்கிறது என்று அறியாமல் இருப்பது அந்த நாள்களோடு முடிந்துபோன வழக்கம். கையால் தூக்கக்கூடிய 25 லீற்றர் தாங்கியை வைத்திருக்கும் சம்மாட்டியார் ஒருவர் அதை ஒரு பக்கம் சற்று உயர்த்திப் பார்த்தே மிச்சத்தைச் சொல்லிவிடுவார். அவருடைய கணக்கில் நான் பிழை கண்டதில்லை. ஆனால் தளத்துக்குக் கீழே நிரந்தரமாகப் பதித்த தாங்கியைத் தூக்கிப் பார்க்க முடியாது. அதில் மிதவை கொண்ட முள் மானி அலை அடிக்கும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருக்குமே தவிர, நம்பத்தக்க எதையும் சொல்லாது.

ஓட்டமானி தாங்கியை அளப்பதில்லை. குழாய் வழியே போகும் பெற்றோலை அளக்கிறது. உள்ளே இருக்கும் சிறு சுழலி ஓட்டத்தால் சுற்ற, அதன் சுற்றுகளை உணரி எண்ணி, மணிக்கு இத்தனை லீற்றர் என்று திரைக்கு அனுப்புகிறது. மிச்சம் எவ்வளவு என்று திரை காட்டுவது, நாம் நிரப்பியதாகச் சொன்ன அளவிலிருந்து எரிந்ததைக் கழித்து வரும் விடை மட்டுமே. பத்து லீற்றர் ஊற்றிவிட்டு முழுத் தாங்கி என்று பொத்தானை அழுத்தினால் கருவி அதையே நம்பும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்புக்கு என்னும் பழைய படகோட்டிகளின் விதியை இந்தக் கருவி வந்தபிறகும் நான் கைவிடவில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு விடயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணினி மூலம் எரிபொருளைப் பீச்சும் புதிய நான்கடிப்பு இயந்திரங்கள் பலவற்றில் எவ்வளவு பெற்றோல் செலவாகிறது என்பதை இயந்திரத்தின் கணினியே கணித்து வைத்திருக்கும். அத்தகைய இயந்திரத்துக்கு, உற்பத்தியாளர் விற்கும் இணைப்பு வயரை, படகின் மின்னணுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்.எம்.ஈ.ஏ 2000 வலையமைப்பில் செருகினால் போதும். குழாயை வெட்டி ஓட்டமானி வைப்பது வீண் செலவு. என்னுடையது அத்தகைய கணினி இல்லாத காபரேற்றர் இயந்திரம் என்பதால் எனக்கு வேறு வழியில்லை. கார்மின், லோரன்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கான உணரிகளை விற்றிருக்கின்றன. முல்லைத்தீவில் இதை இருப்பில் வைத்திருக்கும் கடை எதையும் நான் காணாததால் கொழும்பிலிருந்து தருவித்தேன்.

பொருத்தும் வேலையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். உணரி, தாங்கிக்கும் இயந்திரத்துக்கும் இடையில், வடிகட்டிக்குப் பின்னால் வர வேண்டும். நம் ஊரில் பெற்றோல் கான்களில் வாங்கி, புனல் வைத்து ஊற்றப்படுவதால் மணலும் நூலும் நீரும் சேர்ந்தே தாங்கிக்குள் இறங்குகின்றன. சுழலியில் ஒரு மயிரிழை சிக்கினாலே எண்ணிக்கை குறைந்துவிடும். எனவே நீரைப் பிரிக்கும் வடிகட்டி இல்லாமல் ஓட்டமானி வைப்பதில் பொருளில்லை. பட்டறைக்காரர் இதை நான் சொல்லாமலே செய்தார். உணரியின் மேல் இருந்த அம்புக்குறியைப் பார்த்து அதைச் சரியான திசையிலும் வைத்தார். பற்றறியைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்கினார். இவற்றுக்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

குறை குழாயில் இருந்தது. உணரியின் இரு பக்கமும் அவர் மாட்டியது கடையில் மீற்றர் கணக்கில் விற்கும் சாதாரணத் தெளிவான பிளாஸ்ரிக் குழாய். வெயிலில் விறைத்து வெடிக்கக்கூடிய அந்தக் குழாயைப் பெற்றோல் ஓடும் இடத்தில் எவரும் அனுமதிக்கக் கூடாது. சிறு படகுகளின் எரிபொருள் குழாய்க்கென்றே தீயைத் தாங்கும் தரம் ஒன்று உண்டு; ஐ.எஸ்.ஓ 7840 என்று குழாயின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கி, பற்றறி முனையில் தெறிக்கும் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். நான் குழாயை மாற்றித் தரச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை என்றாலும், இது கூடுதல் வேலை என்று தனியாகக் கூலி கேட்டார். அதைக் கொடுத்தேன், ஆனால் அது நியாயமான கேள்வியாக எனக்குப் படவில்லை.

கசிவைச் சோதிக்கும் முறையையும் பட்டறைகள் மாற்றிக்கொள்ள வேண்டும். இயந்திரம் ஓடும்போது இந்தக் குழாயில் இருப்பது அழுத்தம் அல்ல, உறிஞ்சல். இணைப்பு தளர்வாக இருந்தால் பெற்றோல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும், முழு வேகத்தில் இயந்திரம் திணறும், காரணம் தெரியாமல் காபரேற்றரைக் கழற்றிக்கொண்டிருப்போம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, எரிபொருள் குழாயில் இருக்கும் கைப்பம்பிக் குமிழை இறுகும்வரை அமுக்கி, ஒவ்வொரு இணைப்பிலும் துணியால் துடைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. ஆனால் பட்டறையில் இயந்திரத்தை ஓடவிட்டு எட்டிப் பார்த்ததோடு சோதனை முடிந்துவிட்டது.

மின்னிணைப்பு நன்றாக இருந்தது. உணரியையும் திரையையும் இணைக்கும் என்.எம்.ஈ.ஏ 2000 வலையமைப்பின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருக்கின்றன. அதிலிருந்து உணரிக்குப் பிரியும் கிளை வயர் 6 மீற்றருக்குள் அடங்கிவிட்டது. பற்றறிக்கு அருகிலேயே பியூஸ் உண்டு. களப்பின் உப்புக்காற்று செம்பை எத்தனை விரைவில் பச்சையாக்கிவிடும் என்பதை அறிந்தவர் என்பதால், இணைப்புகளை வெப்பத்தில் சுருங்கும் உறைக்குள் அடைத்திருந்தார்.

பொருத்திய அன்றே கருவியை நம்பிவிடக் கூடாது. தாங்கியை வாய்வரை நிரப்பி, அதிக அளவு பெற்றோல் எரியும்வரை ஓடி, மறுபடியும் அதே இடத்தில், படகு அதே சாய்வில் நிற்கும்போது, அதே மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். திரை 18 லீற்றர் என்று காட்டியிருக்க, பம்பியில் 20 லீற்றர் பிடித்திருந்தால், 20 என்ற எண்ணைக் கருவிக்குள் கொடுத்தால் அது தன் கணக்கைப் பெருக்கும் எண்ணை 1.11 என்று தானே திருத்திக்கொள்ளும். மூன்று நான்கு லீற்றர் எரித்துவிட்டு இதைச் செய்தால், நிரப்பும் மட்டத்தில் ஏற்படும் சிறு வேறுபாடே பெரிய பிழையாகிவிடும். பொறுமையாகச் செய்தபின் என் கருவியின் கணக்கும் எரிபொருள் நிலையத்தின் கணக்கும் நெருங்கி வந்துவிட்டன. மெல்ல ஓடும் நிலையில் மட்டும் எண் துள்ளிக்கொண்டிருக்கும். இயந்திரத்தின் பம்பி பெற்றோலைத் துடித்துத் துடித்து இழுப்பதால், ஓட்டம் குறைவாக இருக்கும்போது சுழலி சீராகச் சுற்றுவதில்லை. உணரியை இயந்திரத்திலிருந்து தள்ளி வைத்தால் இது குறையும். வலை விரித்த இடத்தைச் சுற்றி மெல்ல ஊரும் ஒருவருக்கு இது தொந்தரவாக இருக்கலாம்; எனக்கு இல்லை.

இந்தக் கருவியின் முழுப் பயனும் ஜி.பி.எஸ் திரையோடு சேரும்போதுதான் தெரிகிறது. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் 10 லீற்றர் எரிந்தால் லீற்றருக்கு 3 கிலோமீற்றர் என்று அது தானே வகுத்துக் காட்டும். பெற்றோல் இயந்திரம் முழு வேகத்தில் 10 குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறக்குறைய 4 லீற்றர் குடிக்கும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி என் இயந்திரம் மணிக்கு 15, 16 லீற்றர் அளவில் எரிக்க வேண்டும், அப்படியே எரிக்கிறது. நான் எதிர்பாராதது, படகு முகம் தூக்கிக்கொண்டு நீரைத் தள்ளும் இடைப்பட்ட வேகமே மிக மோசமானது என்பதுதான். மெல்லப் போனால் மிச்சம் என்று எண்ணி அந்த வேகத்திலேயே விருந்தினரை ஏற்றிக்கொண்டு போவது நம்மில் பலருடைய வழக்கம். இன்னும் சற்று வேகம் கூட்டிப் படகு நீரின் மேல் எழுந்து தட்டையாக ஓடத் தொடங்கியதும், வேகப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி அந்த நிலையில் நிறுத்தினால், லீற்றருக்கான தூரம் தெளிவாகக் கூடுகிறது. ஆள்களை முன்னால் நகர்த்தி உட்காரவைத்தாலும் எண் மாறுவதைக் கண்ணால் காணலாம். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஏறிவிட்டதைக்கூட, வழக்கமான வேகத்துக்கு வழக்கத்தைவிடக் கூடிய லீற்றர் காட்டி இது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் வைத்திருப்போர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியபின் அவர்களுக்கும் இந்தத் தேவை வந்ததில் வியப்பில்லை. பெற்றோலுக்கென்று குறிப்பிட்டு விற்கப்படும் உணரியை அவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் இயந்திரத்தில் கணக்கும் குழம்பும். டீசல் படகுக்கு இது அறவே பொருந்தாது. அங்கே எரியாத டீசல் தாங்கிக்குத் திரும்பி வருவதால், போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக இரண்டு உணரிகள் வேண்டும்.

வாடை தொடங்கிப் படகைக் கரையேற்றும்போது உணரிக்குள் பெற்றோலைத் தேங்கவிடாதீர்கள். மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் பிசினாகிச் சுழலியைப் பிடித்துக்கொள்ளும். தாங்கியிலிருந்து குழாயைக் கழற்றி, இயந்திரம் தானாக அணையும்வரை ஓடவிட்டால் குழாயும் உணரியும் பெரும்பாலும் காலியாகிவிடும். இயந்திரம் ஓடும்போது குளிர்நீர் கிடைக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.