இறுகிப்போன குழாய்க் கைப்பிடியும் ஒரு சின்ன புல்லரும்

கை கழுவும் தொட்டியில் வெந்நீர்ப் பக்கக் கைப்பிடி மூன்று மாதமாகவே மக்கர் செய்துகொண்டிருந்தது. முதலில் லேசாக இறுகியது, அப்புறம் இரண்டு கையும் போட்டுத் திருப்ப வேண்டியதாயிற்று, கடைசியில் அம்மாவால் அதைத் திறக்கவே முடியவில்லை. மூட்டு வலி உள்ள கைகளால் அவர் அந்தக் குழாயோடு போராடுவதைப் பார்த்த அன்றைக்குத்தான், இதை நானே கழற்றிச் சரிசெய்வது என்று முடிவு செய்தேன். அதற்காக வாங்கியது இந்த ஹேண்டில் புல்லர், ஒட்டிப்போன கைப்பிடியை நேராக மேலே இழுத்துக் கழற்றும் கருவி. இதுவரை மூன்று கைப்பிடிகளைக் கழற்றியாயிற்று, அதனால் இதன் நல்லது கெட்டது இரண்டையும் சொல்ல முடியும்.

கைப்பிடி இறுகிவிட்டது என்று சொல்வதில் இரண்டு கோளாறு அடங்கியிருக்கிறது. திருப்ப வராமல் இறுகுவது ஒன்று. உள்ளே கைப்பிடியோடு சுழலும் தண்டிலோ (ஸ்பிண்டில்), தண்ணீரைத் திறந்து மூடும் பாகத்திலோ (கார்ட்ரிட்ஜ்) கிரீஸ் காய்ந்து, உப்பு படிந்து வருவது அது. கழற்ற வராமல் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. முதல் கோளாறைச் சரிசெய்ய வேண்டுமானால் இரண்டாவதைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும், தொல்லையே அங்குதான். ஸ்பிண்டில் பித்தளை, கைப்பிடி பெரும்பாலும் குரோம் பூசிய துத்தநாகக் கலவை. ஸ்பிண்டிலின் தலையைச் சுற்றி நெருக்கமாகச் சின்னச் சின்னப் பற்கள் வெட்டியிருக்கும், கைப்பிடியின் உட்புறம் அதன்மேல் கச்சிதமாக உட்காரும். அந்த இடத்தில் ஈரம் இறங்கிக்கொண்டே இருந்தால் உலோகம் அரித்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, பல்லிடுக்கு எல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்த மாதிரி ஆகிவிடும்.

இந்த நிலையில் எல்லோரும் செய்வது அடியில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்புவது, இல்லாவிட்டால் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டுவது. சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு குழாயில் நானும் அப்படித்தான் தட்டினேன், ஸ்பிண்டில் வளைந்து முழுக் குழாயையும் மாற்றும்படி ஆயிற்று. பித்தளை மெத்தென்ற உலோகம், பக்கவாட்டு அடியை அது தாங்காது. நேராக மேலே இழுக்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவு பலத்தில். வெறும் கையால் அதைச் செய்யவே முடியாது, புல்லர் செய்கிறது.

அமைப்பு ரொம்ப எளிது. நடுவில் மரை வெட்டிய ஒரு கம்பி, அதன் தலையில் திருப்புவதற்கு ஒரு குறுக்குக் கம்பி, இரண்டு பக்கமும் கொக்கி மாதிரி வளைந்த இரண்டு கால்கள். கால்களைக் கைப்பிடிக்கு அடியில் மாட்டி, நடுக்கம்பியின் முனையை ஸ்பிண்டிலின் தலைக்கு நேராக வைத்துத் திருப்பினால், கம்பி ஸ்பிண்டிலைக் கீழே அழுத்தும், கால்கள் கைப்பிடியை மேலே இழுக்கும். மெக்கானிக் ஷெட்டில் பேரிங் கழற்றும் புல்லரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த முறையையும் சொல்லிவிடுகிறேன். அடியில் இருக்கும் வால்வை மூடி, குழாய் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து மிச்சத் தண்ணீரை வடித்தேன். தொட்டித் துளையில் ஒரு துணியை அடைத்தேன் (கைதவறி விழும் திருகு நேராக அதற்குள்தான் போகும்). கைப்பிடியின் உச்சியில் இருக்கும் சிவப்பு மூடியை மெல்லிய கத்தி முனையால் கிளப்பினால் உள்ளே திருகு தெரியும், சில மாடல்களில் பக்கவாட்டில் ஆலன் கீ போடும் சின்னத் திருகாக இருக்கும். திருகைக் கழற்றி, அந்தத் துளை வழியாக துரு இளக்கும் எண்ணெய் நாலு சொட்டு விட்டு ஓர் இரவு அப்படியே விட்டேன். காலையில் கொதிநீரில் நனைத்த துணியைக் கைப்பிடியைச் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தேன். துத்தநாகக் கலவை சூட்டில் பித்தளையைவிட அதிகமாக விரியும், வெளியே இருப்பது விரிந்தால் உள்ளே பிடி தளரும். பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் இந்தச் சூடு வேலையே வேண்டாம்.

அப்புறம் புல்லரை மாட்டி, கால் சுற்று திருப்பிக் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி கால் சுற்று என்று போனேன். நாலாவது முறை கம்பி நன்றாக விறைத்து நின்றது, அதற்கு மேல் திருப்பப் பயமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டு எண்ணெய்ப் புட்டியை எடுக்கத் திரும்பினேன், பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். கைப்பிடி ஒரு நூல் அளவு மேலே வந்திருந்தது. அதன் அடியிலிருந்து வெள்ளைத் தூள் மாவு மாதிரி உதிர்ந்து தொட்டியில் விழுந்திருந்தது. குரோமில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த நிமிடமே இதற்குக் கொடுத்த பணம் எனக்குத் திரும்பிவிட்டது.

சரி, குறைகள். கால்களின் முனை தடிமனாக இருக்கிறது. கைப்பிடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருந்தால் உள்ளே நுழையவே நுழையாது. மூன்றாவது குழாயில் கால் முனைகளை அரத்தால் ராவி மெலிதாக்கிய பிறகுதான் மாட்ட முடிந்தது. வாங்குவதற்கு முன் அந்த இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். இரண்டாவது குறை கொஞ்சம் ஆபத்தானது. நடுக்கம்பியின் முனை மெலிதாக இருப்பதால் ஸ்பிண்டிலின் திருகுத் துளைக்குள் இறங்கி மரையைக் கெடுத்துவிடக்கூடும். நான் பழைய திருகையே திரும்ப மாட்டி, முழுவதும் முறுக்காமல் மூன்று சுற்று வெளியே விட்டு, அதன் தலைமேல் கம்பியை அழுத்தினேன், மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. தயாரிப்பாளர் ஒரு தட்டையான முனையைக் கூடவே கொடுத்திருக்கலாம், பெட்டிக்குள் இருந்த தாளிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொன்று, ஒரே நெம்புகோலில் வெந்நீரும் தண்ணீரும் வரும் குழாய்களுக்கு இது பொருந்தாது.

கழற்றிய பிறகுதான் பாதி வேலை. ஸ்பிண்டில் பற்களைப் பழைய பல் துலக்கும் பிரஷில் வினிகர் தொட்டுத் தேய்த்தேன், படிந்திருப்பது சுண்ண உப்பு என்பதால் நுரைத்துக் கரையும். குரோம்மீது வினிகரை ஊறவிடக் கூடாது, உடனே கழுவித் துடைக்க வேண்டும். பிளீச்சிங் திரவம் ஊற்றிய தொட்டியில் வினிகரைக் கொண்டுபோகவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். உள்ளே மரை போட்ட பழைய வகை ஸ்பிண்டில் என்றால் சுத்தம் செய்து, வாஷர் மாற்றி, கிரீஸ் தடவினால் போதும். கால் சுற்றில் திறக்கும் செராமிக் வகை என்றால் கார்ட்ரிட்ஜையே மாற்றிவிடுவது நல்லது, அதே பல் எண்ணிக்கை உள்ளதாக. 20 பல்லும் உண்டு, 24 பல்லும் உண்டு, அதனால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். கிரீஸ் சிலிகானாக இருக்கட்டும். வாஸலின் தடவினால் ரப்பர் வளையங்கள் நாளடைவில் உப்பிப்போகும், மறுபடி இதே இறுக்கம்.

திரும்ப மாட்டும்போது பற்கள்மேல் அதே சிலிகான் கிரீஸை மெலிதாகத் தடவியிருக்கிறேன், அடுத்த முறை கையாலேயே கழன்று வரும். அம்மா இப்போது அந்தக் கைப்பிடியை இரண்டு விரலால் திருப்புகிறார்.