வேர்டா, லேடெக்கா: சேலத்திலிருந்து போன இரண்டு கட்டுரைகள்

சேலத்தில் ஆய்வேடு முடிக்கிறவர்கள் கடைசியில் போய் நிற்கும் இடம் டி.டி.பி. கடை. கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அடித்துத் தருவார்கள், பைண்டிங்கும் அங்கேயே. ஆய்வேட்டுக்கு அது போதும். ஆய்விதழுக்குப் போகும் கட்டுரைக்குப் போதாது. நடுவர்கள் திருத்தம் கேட்பார்கள், ஒரு படத்தை நீக்கச் சொல்வார்கள், பத்து மேற்கோள்களைச் சேர்க்கச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓட முடியாது. நாமே செய்தாக வேண்டும் என்று வந்ததும் முதல் கேள்வி: வேர்டா, லேடெக்கா? வேர்ட் எல்லோருக்கும் தெரியும். லேடெக் என்பது கட்டளைகளோடு வெறும் எழுத்துக் கோப்பாக அடித்து, அதைக் கம்பைல் செய்து, அதாவது மென்பொருள் வழியே ஓட்டி, பி.டி.எஃப். ஆக்கும் முறை.

(லேடெக்ஸ் இல்லை, அது ரப்பர் பால். கடைசி எழுத்து கிரேக்கத்தின் 'கை', ஒலிப்பது 'க்'. டொனால்ட் நூத் 1978இல் டெக் என்ற அச்சமைப்பு மென்பொருளை வெளியிட்டபோதே இப்படித்தான் சொல்ல வேண்டும் என்றார். லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அதன்மேல் கட்டியது லேடெக்.)

நான் இரண்டிலும் ஒவ்வொரு கட்டுரை அனுப்பியிருக்கிறேன். முதலாவது நம்மூர் வெள்ளைக்கல் பற்றியது, அதாவது மேக்னசைட். சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய் மக்னீசியா மிஞ்சும். அது எந்த வேகத்தில் நடக்கிறது என்ற கணக்கு. நானும் என் மாணவரும் எழுதினோம். இரண்டாவது ஏற்காட்டுக் கிராமங்களில் மலையாளி மக்கள் செடிகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் பற்றியது. கேரளக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சேர்வராயன் மலையின் பழங்குடிகள், பேசுவது தமிழ். மலையிலேயே குடியிருக்கும் தாவரவியல் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து எழுதியது.

லேடெக் பக்கம் போகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் அழகு. வரி முடிவுகள் சீராக இருக்கும், எழுத்துகளுக்கு நடுவே ஓட்டை விழாது. உண்மைதான். ஆனால் அந்த அழகை வாசகர் பார்க்கப்போவதில்லை. கட்டுரை ஏற்கப்பட்டதும் பெரிய பதிப்பகங்கள் நம் கோப்பை எக்ஸ்.எம்.எல். என்ற குறியிட்ட வடிவமாக்கித் தங்கள் அச்சமைப்பில் புதிதாகக் கோக்கின்றன. அந்த வேலையில் கணிசமான பங்கு நடப்பது சென்னையிலும் புதுச்சேரியிலும்தான். சேலத்தில் அடித்தது ஐரோப்பாவுக்குப் போய், திரும்ப நம் ஊர்ப் பிள்ளைகள் கைக்கே வருகிறது! எல்செவியர் பதிப்பகத்தின் பல இதழ்கள் முதல் முறை அனுப்பும்போது அமைப்பே பார்ப்பதில்லை, ஒரே ஒரு பி.டி.எஃப். போதும் என்கின்றன. ஆகவே அழகைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பேசுவோம்.

மிஞ்சுவதில் கனமானது சமன்பாடு. வெள்ளைக்கல் கட்டுரையில் அரீனியஸ், கிஸ்ஸிங்கர் என்று வினையின் வேகத்தைக் கணக்கிடும் பதினேழு சமன்பாடுகள். நடுவர் ஐந்தாவதை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். லேடெக்கில் பிரித்துவிட்டு இரண்டு தடவை கம்பைல் செய்தேன். எண்களும் "சமன்பாடு 9இன்படி" என்று உள்ளே சொன்ன இடங்களும் தாமாக மாறிவிட்டன. வேர்டில் இதைச் செய்யவே முடியாது என்பதில்லை. சமன்பாட்டின் முடிவில் ஹேஷ் குறி போட்டு அடைப்புக்குள் எண்ணை எழுதி என்டர் தட்டினால் எண் வலது ஓரத்துக்குப் போய் உட்காரும். ஆனால் அது தானாக மாறாத எண். தானாக மாற வேண்டுமென்றால் ஃபீல்டு, புக்மார்க் என்று இறங்க வேண்டும். நான்கு சமன்பாட்டுக்கு அந்தப் பாடு பரவாயில்லை, பதினேழுக்கு வேண்டாம்.

வேர்டில் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. பழைய ஈக்வேஷன் எடிட்டரை மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் பாதுகாப்புக் காரணத்துக்காக நீக்கிவிட்டது. என் ஆய்வேட்டின் சமன்பாடுகள் அதில் செய்தவை. இன்றைக்குத் திறந்தால் படம் மாதிரி தெரிகிறதே தவிர, அதே கருவியைக் கொண்டு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. லேடெக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில்கூடத் திறக்கும்.

இதுவரை லேடெக் பக்கம்தான் தராசு. செடிப் பெயர்க் கட்டுரையை எடுத்ததும் தலைகீழாகியது.

"ஏங்க சார், இந்தச் சாய்வுக் கோடு, டாலர் குறியெல்லாம் நமக்கு ஆகாதுங்க. சிவப்பு மையில திருத்துற மாதிரி ஒண்ணு அனுப்புங்க" என்றார் பேராசிரியர். அவர் கேட்டது வேர்டின் 'ட்ராக் சேஞ்சஸ்'. யார் எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று ஓரத்தில் சண்டை போட்டுக்கொள்ள அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. இணையத்திலேயே லேடெக் எழுத உதவும் ஓவர்லீஃபிலும் அந்த வசதி இருக்கிறது, ஆனால் காசு கட்டிய கணக்குக்கு. இலவசக் கணக்கில் நம்மோடு இன்னும் ஒருவரைத்தான் சேர்க்கலாம், கம்பைல் நேரமும் குறைவு. லேடெக்-டிஃப் என்ற கருவி பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டு மாற்றங்களை வண்ணத்தில் காட்டும். நடுவருக்கு அனுப்ப அருமை, ஆனால் நாமிருவர் உட்கார்ந்து பேசித் திருத்த அது உதவாது.

அப்புறம், ஏற்காட்டில் மழையும் பனிமூட்டமும் வந்தால் அவர் வீட்டில் சிக்னல் போய்விடும். ஓவர்லீஃப் நெட் இல்லாமல் நகராது. லேடெக்கைக் கணினியிலேயே ஓட்டும் டெக்-லைவை முழுதாக இறக்கிவைத்தால் நெட் வேண்டாம், ஆனால் அது பல ஜிபி. அவருடைய லேப்டாப்பில் இடமில்லை, அவருக்குப் பொறுமையும் இல்லை.

அட்டவணையும் வேர்டுக்கே சாதகம். நான்கு பக்கம் ஓடும் செடிப் பட்டியல்: தாவரவியல் பெயர், குடும்பம், ஊர்ப் பெயர், பயன். வேர்டில் நிரலை இழுத்து அகலம் மாற்றலாம். லேடெக்கில் பக்கம் தாண்டும் அட்டவணைக்குத் தனித் தொகுப்பு, நிரல் அகலத்துக்கு மில்லிமீட்டர் கணக்கு, நிரல்களைப் பிரிக்கும் ஒரு 'அண்ட்' (&) குறி விட்டுப்போனால் வரிசை முழுவதும் இடம் மாறும்.

தமிழ் எழுத்தில்தான் இரண்டுமே சறுக்கின. பேராசிரியரின் பழைய களக் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் செடிப் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றி, சரிபார்த்து முடிக்க ஒரு வாரம். லேடெக்கில் வழக்கமான பி.டி.எஃப்.-லேடெக் யுனிகோடுத் தமிழை எடுக்காது. ஸீ-லேடெக் அல்லது லுவா-லேடெக் என்ற வேறு வகை வேண்டும். வேர்டில் என் கணினியில் நன்றாகத் தெரிந்த தமிழ், இதழின் தளம் உருவாக்கிய பி.டி.எஃப்.இல் கட்டம் கட்டமாக வந்தது. கடைசியில் அட்டவணையில் ஒலிபெயர்ப்பை வைத்து (ஐ.எஸ்.ஓ. 15919 முறைப்படி ழவுக்கு அடிக்கோடிட்ட எல்), தமிழ் எழுத்தில் உள்ள பட்டியலை நாங்களே பி.டி.எஃப். ஆக்கி இணைப்பாகக் கொடுத்தோம். மனசுக்கு ஒப்பவில்லை, ஆனால் பெயர்கள் சிதையாமல் போய்ச் சேர்ந்தன.

மேற்கோள் பட்டியலைப் பொறுத்தவரை இரண்டும் சமம்தான், மேற்கோள்களைச் சேமித்துவைக்கும் ஸோட்டிரோவை வைத்துக்கொண்டால். இலவசம், வேர்டிலும் ஒட்டும், லேடெக்குக்கு வேண்டிய பிப்-டெக் கோப்பாகவும் கொடுக்கும். கையால் அடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வேர்டில் உள்ள ஆபத்து, கோப்பை யாராவது வேறு செயலியில் திறந்து சேமிப்பது. என் மாணவர் ஒருநாள் மொபைலில் திறந்து ஒரு கமாவைத் திருத்தினார்; அறுபது மேற்கோளின் இணைப்பும் அறுந்து வெறும் எழுத்தானது. பிப்-டெக்கின் குறும்பு வேறு: மேற்கோளின் அமைப்பைத் தீர்மானிக்கும் பல இதழ்களின் நடைக்கோப்பு தலைப்பில் உள்ள பெரிய எழுத்தைச் சிறிதாக்கிவிடும். சேலம் என்ற ஊர்ப் பெயரும் மக்னீசியாவின் குறியீடும் சின்ன எழுத்தில் வந்து நின்றன. நெளிவு அடைப்புக்குள் போட்டால் தப்பும்.

அனுப்பும் நாளில் அடிபட்டது லேடெக். பல இதழ்கள் கட்டுரை வாங்கப் பயன்படுத்தும் 'எடிட்டோரியல் மேனேஜர்' தளம் துணைக்கோப்புறைகளை ஏற்காது. படங்களைத் தனி உறையில் வைத்திருந்ததால் கட்டுரை படமே இல்லாமல் உருவானது. எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் கொட்டி, கோப்புப் பாதைகளைத் திருத்தி, மேற்கோள் பட்டியல் கோப்பையும் சேர்த்து ஏற்றும்போது இரவு பதினொன்று. வேர்டில் இது ஒரே கோப்பு. ஆனால் ஆசிரியர் பெயரை மறைத்து அனுப்பும் இதழ் என்றால் வேர்ட் கோப்பின் பண்புகளில் நம் பெயர் ஒளிந்திருக்கும். 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' போட்டு அகற்றிவிட்டு அனுப்புங்கள்.

வேர்டுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸும் நல்ல மென்பொருள்தான். இருவருமே அதில் எழுதினால் சரி. ஒருவர் வேர்ட், ஒருவர் அது என்றால் சமன்பாடும் அட்டவணையும் நகர்ந்துவிடும். 2023இல் வெளியான டைப்ஸ்ட் என்ற புது அச்சமைப்பு மென்பொருளை ஆசையாகப் பார்த்தேன். லேடெக்கைவிட எளிது, கண்ணிமைக்கும் நேரத்தில் கம்பைல் ஆகிறது. ஆனால் அதன் மூலக்கோப்பை வாங்கும் இதழ்கள் சொற்பம். வகுப்புக் குறிப்புகளுக்கு வைத்துக்கொண்டேன்.

'இதழ் அமைப்பில் செய்து தருகிறோம்' என்று பணம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவரிடம் ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன். திரும்பி வந்த கோப்பில் சமன்பாடுகள் எல்லாம் படங்களாக இருந்தன. உட்கார்ந்து திரும்ப அடித்தேன்.

இப்போது மூன்றாவது கட்டுரை தொடங்கியிருக்கிறது: ஏற்காட்டுக் காப்பித் தோட்ட மண்ணில் மக்னீசியம். சமன்பாடு ஆறுதான். பேராசிரியர் சனிக்கிழமை மலையிறங்கும்போது முதல் வரைவைப் பென்டிரைவில் கொண்டு வருகிறார். வேர்ட் கோப்புதான், நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.