மாப்பொருளா, புரதமா? சோற்றையும் தயிரையும் வைத்து ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பில் சோற்றோடு எருமைத் தயிர் சேர்ந்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு நிறைவு. உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைக்குப் பெருமூலக்கூறுகளை (சிறு அலகுகள் பல கோத்து உண்டாகும் பெரிய மூலக்கூறுகளை) விளங்கப்படுத்தவும் இந்த இரண்டும் போதும்.

சோற்றின் மாப்பொருளுக்குக் கட்டுமான அலகு குளுக்கோசு ஒன்றுதான். இரண்டு குளுக்கோசின் ஐதரொட்சில் (-OH) கூட்டங்கள், அதாவது தாக்கத்தில் ஈடுபடும் தொழிற்பாட்டுக் கூட்டங்கள், சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். வெறும் சோற்றை நிதானமாக மென்றுபாருங்கள், இனிக்கும். உமிழ்நீரின் அமிலேசு என்ற நொதியம் அந்தக் குளுக்கோசுச் சங்கிலியை வெட்டுகிறது.

தயிரின் புரதமான கேசின் வேறு மாதிரி. அதற்கு 20 வகை அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் அமினோ கூட்டம், மறுபக்கம் காபொட்சில். இங்கும் நீர் வெளியேறித்தான் பிணைப்பு உண்டாகும். ஆனால் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் தொங்கும் பக்கச் சங்கிலி ஒன்றுக்கொன்று மாறுகிறதே, அதுதான் விசேஷம். பாலில் கேசின் துணிக்கைகள், பக்கச் சங்கிலிகளின் கூட்டங்கள் தரும் மறை (எதிர்) ஏற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். உறை ஊற்றியதும் பாக்டீரியா லக்டிக் அமிலத்தை உண்டாக்கும், பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல்) 4.6 அளவுக்கு இறங்கும்போது அந்த ஏற்றம் சமப்பட்டு, துணிக்கைகள் ஒட்டி வலையாகும். நல்ல சட்டித் தயிர் சரித்தாலும் அசையாதது அதனால்தான்.

புதிதாகப் படிப்பவருக்கு மாப்பொருள் இலகு, சரி. தொழிற்பாட்டுக் கூட்டம் என்ன வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், நான் தயிர்ச் சட்டியைத்தான் முன்னால் வைப்பேன்.