கேட்காத காது யன்னல் பக்கம்: கிளிநொச்சியில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு வான் பற்றி

கிளிநொச்சி டிப்போச் சந்திப் பக்கம் நிற்கிற ஒரு வெள்ளை வானைப் பற்றி எழுதுகிறேன். அதற்குப் பெயர்ப்பலகையும் இல்லை, ஃபேஸ்புக் பக்கமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வான் வேண்டும் என்று அங்கே நிற்பவர்களிடம் கேட்டால் கையைக் காட்டுவார்கள். கடந்த ஐந்து மாதத்தில் மூன்று தரம் அதில் போய் வந்திருக்கிறேன், ஒன்று யாழ்ப்பாணத்துக்கு, இரண்டு கொழும்புக்கு. நாலாவது பயணம் அடுத்த மாதம், அது ஆபரேஷனுக்கு. அதற்கு முன்னே எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன், பிறகு எத்தனை நாளைக்கு ஃபோனைப் பார்க்க முடியாமல் இருக்குமோ.

எனக்கு வந்திருப்பதை அக்கூஸ்டிக் நியூரோமா என்கிறார்கள். இடது காதில் இருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, மெதுவாகத்தான் வளருமாம், ஆனால் இருக்கிற இடம் பொல்லாதது. கேட்பதற்கான நரம்பு, விழாமல் நிற்பதற்கான நரம்பு, முகத்தை அசைக்கிற நரம்பு எல்லாம் ஒரே எலும்புக் குழாய்க்குள்ளால் போகின்றன. அதற்குள் தொடங்கி வெளியே வளர்ந்து இப்போது 31 மில்லிமீற்றர், மூளைத்தண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் போனதற்கு நானும் ஒரு காரணம். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் பங்கருக்குள் கிடந்துவிட்டு வந்தவள் நான். சில வருடம் கழித்து இடது காது மந்தமானபோது செல் வெடித்த சத்தத்தில் போன காது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரவில் அந்தக் காதுக்குள் தூரத்து வயலில் தண்ணீர் மோட்டர் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல், அதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். கடைசியில் காது டொக்டர் ஒன்றுதான் கேட்டார், சத்தத்தால் போன காது என்றால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஏன் குறைந்துகொண்டே போகிறது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்று. உடனே எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதித் தந்தார். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு காது மட்டும் மந்தமாகி, இரைச்சலும் தள்ளாட்டமும் உள்ளவர்கள் தயவுசெய்து ஒருக்கால் காட்டுங்கள், செல் என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, வானுக்கு வருகிறேன். ஸ்கானுக்கு யாழ்ப்பாணம் போக முதன்முதலாக ஃபோன் பண்ணியபோது எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று கேட்பார் என்று நினைத்தேன். காதுக்குள் கட்டி இருக்குதோ என்று பார்க்கப் போகிறோம் என்றதும் அந்த வான்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கக் காது அக்கா?" இடது என்றேன். அப்போது உங்களுக்கு இடது யன்னல் சீற், கதைக்கிறவர்கள் எல்லாம் உங்களுக்கு வலது பக்கம் இருக்கட்டும் என்றார். என் வீட்டிலேயே அதுவரைக்கும் யாரும் அப்படி யோசித்ததில்லை. சாப்பிட இருக்கும்போதும் இடது பக்கம் இருந்துகொண்டு ஏதாவது கேட்பார்கள், நான் பதில் சொல்லாவிட்டால் கோபம் என்று நினைப்பார்கள்.

ஆனையிறவு தாண்டும்போது காற்று அடித்தது, யன்னலைத் தானே வந்து மூடிவிட்டார். காற்றுச் சத்தமும் பாட்டும் சேர்ந்தால் ஒரு காதுக்காரருக்கு மனிதக் குரல் பிரியாது, எல்லாம் ஒரே கூழாகத்தான் கேட்கும். அவர் ஓடும்போது பாட்டே போடவில்லை. திருப்பங்களில் வேகத்தைக் குறைத்து எடுத்தார். வாகனம் சட்டென்று திரும்பினால் எனக்கு வயிற்றைப் பிரட்டும், பிறகு அரை மணித்தியாலத்துக்குத் தலையை நிமிர்த்த முடியாது. அன்றைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன். வானின் படி உயரம், பிடித்து ஏற கைபிடி இல்லை. உள்ளே எலுமிச்சை வாசனைப் போத்தல் ஒன்று தொங்கியது, தலைசுற்றுகிற ஆளுக்கு அது போதும். பெரிய குறை இரண்டாவது பயணத்தில்தான். கொழும்பு கிளினிக்குக்கு முதல் நாள் இரவு புறப்படுகிறோம், வந்தது அவர் இல்லை, அவருக்குச் சொந்தக்காரப் பொடியன் ஒருவன். எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. புத்தளம் தாண்டியதும் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு லொறிகளை வெட்டி வெட்டி ஓடினான். விடியப்புறம் ஒரு தேத்தண்ணிக் கடையில் வெளிச்சம் இல்லாத பக்கமாக நிறுத்தினான், இறங்கினேன், கால் வைத்தது மட்டும் தெரியும், நிலத்தில் கிடந்தேன். முழங்கால் கிழிந்தது.

பிறகு டொக்டரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. நாம் நிமிர்ந்து நிற்பதே காது, கண், பாதம் மூன்றும் சேர்ந்து பார்க்கிற வேலையாம். எனக்குக் காதின் பங்கு போய்விட்டது, இருட்டில் கண்ணின் பங்கும் போகிறது, கரடுமுரடான நிலம் என்றால் பாதமும் ஏமாந்துவிடும். அன்றைக்கு மூன்றும் சேர்ந்து போய்விட்டன.

வந்ததும் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சமாளிக்கவில்லை, பொடியனில் பழி போடவும் இல்லை, தன்னுடைய பிழை என்று ஒத்துக்கொண்டு அந்தப் பயணத்துக்கு மிச்சம் கொடுக்க வேண்டியிருந்த காசை வாங்க மாட்டேன் என்றார். மூன்றாவது பயணத்துக்கு வந்தபோது வாசலில் ஏறுவதற்கு ஒரு பலகைக் கட்டை செய்து வைத்திருந்தார், எலுமிச்சைப் போத்தலைக் காணவில்லை, சீற் பையில் ஒரு டோர்ச். இருட்டில் நிறுத்தினால் முதலில் தான் இறங்கி என் கால் வைக்கிற இடத்துக்கு வெளிச்சம் அடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். அதனால்தான் திரும்பவும் இவரிடமே போகிறேன்.

காசு பற்றி. கொழும்பு போய் ஒரு நாள் நின்று திரும்ப 48,000 ரூபாய் வாங்கினார். பஸ்ஸோடு பார்த்தால் பெரிய காசுதான், பஸ்ஸில் போகக்கூடியவர்கள் பஸ்ஸிலேயே போங்கள். ஆனால் இரண்டு தடவையாகத் தரலாம் என்றார், அது எனக்குப் பெரிய உதவி. ஏனென்றால் இந்தச் செலவுக்கு என்று நம்பியிருந்த என் நகையைத் தேடி அலுமாரியைத் திறந்தபோது பெட்டி மட்டும்தான் இருந்தது. காலபோக நெல் விதைப்பு வெள்ளத்தில் போனபோது என் கணவர் எனக்குச் சொல்லாமல் அடகு வைத்திருக்கிறார். விதைக்கவும் உரத்துக்கும் வேறு வழி இல்லை என்று இப்போது எனக்கும் தெரியும், ஆனால் சொல்லாமல் செய்தது பொறுக்க முடியவில்லை. பதினொரு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. இதற்குள் வலி இல்லாத கட்டியை ஏன் வெட்டிக் கிளற வேண்டும், முகம் கோணிப் போனால் என்ன செய்வது என்று அவர் ஒரு பக்கம். வவுனியாவில் இருக்கிற அண்ணை, இந்தியாவுக்குக் கொண்டு போ, உடனே வெட்டு என்று இன்னொரு பக்கம். தர்மபுரத்துக் காணியை அம்மா எனக்குச் சீதனமாக எழுதியதில் இருந்து அண்ணையும் அவரும் முகம் பார்ப்பதில்லை, ஐந்து வருடம். அம்மாவுக்கு ஞாபகம் குறைந்து வருகிறது, காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும், அது என் வேலை. மகளுக்கு உயர்தரப் பரீட்சை.

மூன்றாவது பயணத்தில் அண்ணையையும் இவரையும் ஒரே வானில் ஏற்ற வேண்டி வந்தது. ஆபரேஷனுக்கு இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், கையெழுத்து வைக்க ஆள் வேண்டும், டொக்டர் சொல்வதைக் கேட்க இரண்டு நல்ல காதாவது வேண்டும். முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டு போனோம். வவுனியாவில் அண்ணை ஏறினார். அதற்குப் பிறகு வானுக்குள் ஒரு சத்தம் இல்லை. தேத்தண்ணிக்கு நிறுத்தினால் அண்ணை டிரைவரிடம், "தம்பி, அவருக்குச் சீனி இல்லாமல் சொல்லு" என்பார். இவருக்குச் சீனி வருத்தம் என்று மறக்கவில்லை பாருங்கள். இவரும் தம்பியிடம்தான் பதில் சொல்வார். அந்தப் பிள்ளை முகம் கோணாமல் இரண்டு பக்கத்துக்கும் செய்தி கொண்டு போனது.

டொக்டர் மூன்று வழி சொன்னார். சின்னக் கட்டி என்றால் ஸ்கான் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், அல்லது குறிவைத்துக் கதிர் அடிக்கலாம், இல்லாவிட்டால் ஆபரேஷன். என்னுடையது மூளைத்தண்டை அழுத்தத் தொடங்கியதால் ஆபரேஷன்தான் நல்லது என்றார். காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து எடுப்பார்கள், எட்டு மணித்தியாலமும் போகலாம், இடது காது முழுதாகப் போய்விடும். முக நரம்பை ஆபரேஷன் நடக்கும்போதே கருவி வைத்துக் கவனித்துக்கொண்டிருப்பார்களாம், ஆனாலும் கொஞ்ச மாதத்துக்குக் கண் மூடாமல், வாய் ஒரு பக்கம் இழுத்தபடி இருக்கக்கூடும், நிரந்தரமாக நிற்கிறதும் உண்டு என்று மறைக்காமல் சொன்னார்.

திரும்பி வரும்போது மதவாச்சி தாண்டி நான் சொன்னேன், ஆபரேஷன் செய்கிறேன், திகதி வாங்கிவிட்டேன், இந்தியா இல்லை, கொழும்புதான் என்று. யாரும் வாய் திறக்கவில்லை. வவுனியாவில் அண்ணை இறங்கினார். இறங்கி என் யன்னல் பக்கம் வந்து ஏதோ சொன்னார். என் இடது பக்கம் அது. உதடு அசைந்தது மட்டும் கண்டேன், வான் வெளிக்கிட்டுவிட்டது. கொஞ்ச தூரம் போய் தம்பி நிறுத்தினார். "அக்கா, அண்ணை சொன்னது உங்களுக்குக் கேட்கேல்லை என்ன?" என்று கேட்டு வானைப் பின்னுக்கு எடுத்தார். அண்ணை இன்னும் அதே இடத்தில் நின்றார். தம்பி தன் பக்கத்து யன்னலை இறக்கி, இங்கால வந்து சொல்லுங்கோ என்றார். அண்ணை சுற்றி வந்து, டிரைவர் சீற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அம்மாவை நான் பார்க்கிறன், அண்ணிக்கு ஊசி போடத் தெரியும். நீ போயிட்டு வா" என்றார். எனக்கு முன்னால் இருந்த அவரையும் ஒருக்கால் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரும் ஆட்டினார். அவ்வளவுதான், காணிப் பிரச்சினை அப்படியேதான் கிடக்கிறது. ஆனால் அன்று இரவு நான் நித்திரை கொண்டேன்.

அந்தச் சொல் எனக்குக் கேட்காமலே போயிருந்தால் நான் பதில் சொல்லவில்லை என்று அண்ணை நினைத்திருப்பார், அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் நினைத்திருப்பேன். வான் ஓடுகிற ஒருவருக்கு இதைக் கவனிக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை.

இப்போது வீட்டில் ஆயத்தம் நடக்கிறது. பின்னேரங்களில் வயல் வரம்பில் நடக்கிறேன், மகள் ஒரு கையைப் பிடித்துக்கொள்வாள். பெருவிரலை முன்னே நீட்டி அதைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் ஆட்டுகிற பயிற்சி ஒன்று காட்டித் தந்தார்கள், முதல் கிழமை வாந்தி வந்தது, இப்போது ஒரு நிமிடம் தாங்குகிறேன். வெளியே இருக்கிற கக்கூசுக்குப் போகிற பாதையில் அவர் ஒரு பல்ப் போட்டுத் தந்தார், நான் கேட்காமலே. கண் மூடாவிட்டால் பகலில் துளி மருந்து, இரவில் களிம்பு பூசி இமையை ஒட்டி மூட வேண்டும், மகள் என் கண்ணிலேயே ஒட்டிப் பழகிக்கொண்டிருக்கிறாள். என்னைச் சிரிக்கச் சொல்லி, புருவம் தூக்கச் சொல்லி, கன்னத்தை ஊதச் சொல்லி வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறாள், பிறகு பயிற்சி தருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று. அந்த வீடியோவை ஒரு தரம்தான் பார்த்தேன்.

நாலாவது பயணத்துக்குத் தம்பியிடம் சொல்லி வைத்தாயிற்று. வரும்போது பின் சீற்றைச் சரித்துப் படுக்கிற மாதிரி செய்து தருகிறாராம், கழுத்துக்கு இரண்டு தலையணை கொண்டு வரச் சொன்னார். எத்தனை நாளில் இவ்வளவு தூரம் பயணம் செய்யலாம் என்பதை மட்டும் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு சொல்லுங்கோ, எனக்குத் தெரியாது என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது.

பிடிக்க நினைக்கிறவர்கள் இரண்டு நாளைக்கு முன்னே சொல்லுங்கள். அவரே ஓட்டுகிறாரா என்று கட்டாயம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். எந்தப் பக்கக் காது, எந்தக் கால், இரவில் இறங்க ஏலுமா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் கேட்பார்தான், என்றாலும் சொல்லுங்கள். அடுத்த மாதம் 9 ஆம் திகதிக்கு மட்டும் கேட்காதீர்கள், அன்றைக்கு விடியப்புறம் இரண்டு மணிக்கு எங்கள் படலைக்கு வருகிறார்.