“80:10:10” ஸ்டிக்கரை நம்பிக் குட்டிக்குப் பச்சைக் கறி வாங்காதீர்கள்

உறைய வைத்த பச்சைக் கறிப் பாக்கெட்டை நாய்க்குட்டிக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எங்கள் குட்டி ஐந்தே வாரத்தில் எழுந்து நிற்க முடியாமல் போனான்.

வெள்ளையன் ராஜபாளையம் இனம். இரண்டு மாதத்தில் மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். வேட்டை நாய்க்குப் பச்சைக் கறிதான் சரியான சாப்பாடு என்று பலரும் சொல்லக் கேட்டு, நானும் விசாரித்து ஒரு விற்பனையாளரைப் பிடித்தேன். அரை கிலோ பாக்கெட் 160 ரூபாய். அதன்மேல் “80:10:10, குட்டிகளுக்கான முழுமையான சமச்சீர் உணவு” என்று ஸ்டிக்கர். 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 10 பங்கு ஈரல் போன்ற உள்ளுறுப்புகள் என்று அர்த்தம். “வேற எதுவும் சேர்க்க வேண்டாம் அக்கா, எல்லாம் இதுலயே இருக்கு” என்றார். என் அப்பா மட்டும், “ஊர்ல நாம கம்பங்கூழும் பாலும்தானே ஊத்துவோம், இது எதுக்குமா?” என்று கேட்டார். நான் காதில் வாங்கவில்லை.

முதல் மூன்று வாரம் ரோமம் பளபளத்தது, பையன் சுறுசுறுப்பாக இருந்தான். நான்காவது வாரம் பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். விற்பனையாளரிடம் கேட்டேன். “வளர்ற குட்டிக்கு வர்ற வலி அக்கா, தானா சரியாயிடும்” என்றார். பாதங்கள் விரல் விரிந்து தட்டையாகத் தரையில் படிந்தன. அப்புறம் ஒரு நாள் காலை, சோபாவிலிருந்து குதிக்கக்கூட இல்லை, சும்மா திரும்பினான். வீல் என்று கத்தியவன் அப்படியே படுத்துவிட்டான்.

டாக்டர் முதலில் ரத்தம் எடுத்தார். கால்சியம் சரியாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் டாக்டர் முகம் மாறவில்லை, எக்ஸ்ரே எடுத்துவிட்டு என்னைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டார். எலும்பு வெள்ளையாகவும் சுற்றியுள்ள சதை சாம்பலாகவும் தெரிய வேண்டும். வெள்ளையன் காலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். எலும்பின் ஓரம் பென்சில் கோடு போல மெலிந்திருந்தது. பச்சைக் குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் மட்டும் பிளக்குமே, அந்த மாதிரி ஒரு முறிவு.

“ரத்தத்துல கால்சியம் குறையக் கூடாதுன்னு உடம்பே எலும்பைக் கரைச்சு எடுத்துக் கொடுத்துட்டு இருக்கும்மா. அதனாலதான் ரத்தப் பரிசோதனை நல்லா இருக்கு” என்றார். பாராதைராய்டு சுரப்பி செய்யும் வேலை அது. எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் கால்சியம் 12 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும், பாஸ்பரஸோ சுமார் 200. வளரும் குட்டிக்கு கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருக்க வேண்டும். வெள்ளையன் அளவுக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் தேவை. நான் கொடுத்த 400 கிராம் கறியில் 50 மில்லிகிராம் இருந்திருந்தால் அதிகம்.

அப்படியானால் அந்த 10 பங்கு எலும்பு எங்கே போனது? வீட்டுக்கு வந்ததும் ஒரு பாக்கெட்டை உருக வைத்து, டீ வடிகட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தண்ணீரில் அலசினேன். எலும்போடு அரைத்த கறி விரலுக்கிடையில் ரவை மாதிரி நறநறக்கும், வடிகட்டியில் வெள்ளைத் துகள் தங்கும். தங்கியது தோலும் நாரும்தான். மூன்று பாக்கெட்டை அலசினேன், மூன்றும் அப்படியே. அரை கிலோவுக்கு 50 கிராம் எலும்பு என்று காசு வாங்கிவிட்டு ஒரு துணுக்குகூடப் போடவில்லை.

அவரிடம் கேட்டதும், “ஈரல்லயே எல்லாச் சத்தும் இருக்கு அக்கா” என்றார். ஈரலில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. வைட்டமின் ஏ ஏராளமாக இருக்கிறது, அதுவும் அளவு மிஞ்சினால் எலும்பைக் கெடுக்கும். பிறகு ஒரு கால்சியம் சிரப் வாங்கி ஊற்றச் சொன்னார். டாக்டர் அதைத் தடுத்தார். அந்த சிரப்பில் பாஸ்பரஸும் இருந்தது. அதோடு, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளின் குடலுக்குக் கூடுதல் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. பெரிய இனக் குட்டிகளுக்குக் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கண்ணளவில் ஊற்றுகிற விஷயமில்லை இது.

பச்சைக் கறியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையாகவே 80:10:10 என்று அரைத்தாலும் அதில் துத்தநாகம், மாங்கனீஸ், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை போதாமல் போகும் என்பதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. கொடுக்க நினைத்தால், உணவியல் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உங்கள் குட்டியின் எடைக்குக் கிராம் கணக்கில் எழுதி வாங்குங்கள். பாக்கெட் விற்பவரிடம் 1000 கலோரிக்குக் கால்சியம் எத்தனை கிராம், பாஸ்பரஸ் எத்தனை கிராம், ஆய்வக அறிக்கை உண்டா என்று கேளுங்கள். நேரடியாகப் பதில் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். இன்னொன்று, ஃப்ரீசரில் வைத்தால் சால்மொனெல்லா என்ற கிருமி செத்துவிடாது. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் தட்டு, கத்தி, கை எல்லாவற்றிலும் கவனம் வேண்டும்.

வெள்ளையனுக்குப் பெரிய இனக் குட்டிகளுக்கான உணவும் கூண்டுக்குள் முழு ஓய்வும்தான் மருந்து. டைல்ஸ் வழுக்குமென்று வீடு முழுக்கக் கோணிச்சாக்கு விரித்தோம். ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு வெளுத்துத் தெரிந்தது. இப்போது நடக்கிறான். இடது பின்னங்கால் லேசாக வளைந்தே சேர்ந்துவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இரண்டு பாக்கெட் இலவசமாகத் தருவதாகச் சொன்னார், அதற்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். போன வாரம் என் தோழி தன் எண்ணிலிருந்து அவரிடம் விசாரித்துப் பார்த்தாள். “ரெண்டு மாசக் குட்டிக்குத் தாராளமா கொடுக்கலாம் அக்கா, வேற எதுவும் சேர்க்க வேண்டாம்” என்று பதில் வந்திருக்கிறது.